ஒரு சிமென்ட் மூட்டையின் நிறை என்ன?

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். உங்க தெருவுல எங்கேயாவது வீடு கட்டிட்டு இருப்பாங்க. வாசல்ல சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கும், ஒவ்வொண்ணும் 50 கிலோ. கேள்வி இதுதான்: ஒரு மூட்டையின் நிறை என்ன?

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் படிச்ச பிள்ளை '50 கிலோகிராம்' என்று எழுதும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படிச்ச பிள்ளை '490 நியூட்டன்' என்று எழுதும். இரண்டு பேரும் படிச்சது தமிழ் வழியில்தான். இரண்டு விடையும் சரிதான்.

எப்படின்னு பார்ப்போம். மூட்டைக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது ஒரு விஷயம், ஆங்கிலத்தில் மாஸ். பூமி அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது வேறு விஷயம், வெயிட். மூட்டையை நிலாவுக்குக் கொண்டு போனால் முதலாவது மாறாது, இரண்டாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ஒரு தூண் தாங்க வேண்டியது அந்த இரண்டாவதைத்தான். அதனால பொறியியல் பக்கம் வர்ற எந்த மாணவருக்கும் முதல்ல தெளிய வேண்டிய ஜோடிச் சொல் இது.

மாஸுக்குத் தமிழ்நாட்டில் நிறை, இலங்கையில் திணிவு. வெயிட்டுக்குத் தமிழ்நாட்டில் எடை, இலங்கையில் நிறை. ஒரே சொல், நடுவில் கடல், இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் இன்னொண்ணு!

என்னைக் கேட்டா, இதுல நியாயம் இலங்கை பக்கம் கொஞ்சம் கூடுதல். 'நிறுத்துக் கொடு', 'நிறுத்தல் அளவை', 'நிறைகோல்' எல்லாமே தராசு சம்பந்தப்பட்ட சொற்கள். திணிவு என்றால் உள்ளே திணிந்து கிடப்பது, மாஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம். ஆனா எடையும் லேசுப்பட்ட சொல் இல்லை. எடுத்துப் பார்த்தால் தெரிவதுதானே எடை?

சரி, இந்தப் பிரிவு எப்போ நடந்தது? ஆரம்பத்தில் இரண்டு கரையும் சேர்ந்தேதான் வேலை செய்தது என்பதுதான் இதில் ஆச்சரியம்.

1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெரிய அளவில் வேலை நடந்தது 1930களில். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் ஒரு சொல்லாக்க மாநாடு கூட்டியது. தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகள், கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர். பலர் அவரை 'யாழ் நூல்' எழுதிய தமிழறிஞராக மட்டும்தான் கேள்விப்பட்டிருப்போம். ஆனா அவர் படிச்சது விஞ்ஞானம், லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்சி. பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இரண்டு கரைக்கும் சொந்தமான ஒருத்தர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அந்த முயற்சியில் இருந்து 1938இல் 'கலைச்சொற்கள்' புத்தகம் வந்தது.

அவர் 1947இல் காலமானார். அந்த ஆண்டு இந்தியா சுதந்திரம் அடைந்தது, அடுத்த ஆண்டு இலங்கை. அப்புறம் இரண்டு அரசு, இரண்டு பாடத்திட்டம். கொழும்பில் அரசகரும மொழித் திணைக்களம் தன் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இங்கே நம்ம குழுக்கள் நம்ம பட்டியலைப் போட்டன. இங்கே வடமொழிச் சொல் வேண்டாம் என்று பெரிய சண்டையே நடந்தது. அதனால நமக்கு இயற்பியல், ஆற்றல். அங்கே இன்னும் பௌதிகவியல், சக்தி. ஆனா அதே இலங்கைதான் ஆக்சிலரேஷனுக்கு 'ஆர்முடுகல்' என்று சொன்னது! வேகம் குறைந்தால் 'அமர்முடுகல்'. நாம 'முடுக்கம்', 'எதிர் முடுக்கம்' என்போம். திருப்புகழ் பாடும்போது திடீர்னு வேகமெடுத்து ஓடுமே, அந்த நடைக்கும் முடுகு என்றுதான் பெயர். இரண்டு ஊர்க்காரங்களும் கை வைத்தது ஒரே வேரில்.

இதெல்லாம் சுவாரசியமான துணுக்கு மட்டும் இல்லை. 1983க்குப் பிறகு போரில் இருந்து தப்பி வந்த பிள்ளைகள் நம்ம பள்ளிகளில் வந்து சேர்ந்தார்கள். புதுச் சொல் என்றால் 'இது எனக்குத் தெரியாது' என்று தெரியும், யாரிடமாவது கேட்கலாம். வினாத்தாளில் 'நிறை' என்று இருந்தால் கேட்கத் தோன்றாது. தெரிந்த சொல்லாச்சே! இலங்கையில் படித்த பொருளை வைத்து விசையைக் கணக்கிட்டால், கணக்கு சரி, விடை தப்பு. 9.8 மடங்கு தப்பு.

இன்னைக்கு இது எதிர்ப்பக்கமாகவும் நடக்கலாம். உயர்தரப் பரீட்சையைத் தமிழில் எழுதப்போகும் வவுனியா மாணவி, மதுரை ஆசிரியர் ஒருவருடைய வீடியோவைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பொறியியல் பட்டப்படிப்பு எப்படியும் ஆங்கிலத்தில்தான், ஆனால் அங்கே போய்ச் சேரும் பரீட்சை தமிழில். நம்ம பக்கம் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆக, இந்தச் சொற்கள் இங்கே பள்ளியோடு முடிவதில்லை.

நிறை விஷயத்தில் தப்பிக்க ஒரு வழி இருக்கு: அலகைப் பாருங்க. கிலோகிராம் என்றால் அது தமிழ்நாட்டு நிறை, நியூட்டன் என்றால் இலங்கை நிறை.

'வேகம்' அப்படி விட்டுவிடாது. நமக்கு வேகம் என்றால் ஸ்பீட், வெலாசிட்டி என்பது திசைவேகம். இலங்கையில் ஸ்பீடுக்குக் கதி, வெலாசிட்டிக்குத்தான் வேகம். ஒரு பஸ் கோயம்பேட்டில் கிளம்பி, தாம்பரம் போய், திரும்பி அதே இடத்தில் வந்து நிற்கிறது. சராசரி வேகம் என்ன? நம்ம பிள்ளை மொத்தத் தூரத்தை நேரத்தால் வகுத்து ஒரு எண் சொல்லும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பூச்சியம் என்று சொல்லும், கிளம்பிய இடத்துக்கே வந்தாச்சே! இங்கே அலகும் உதவாது. இரண்டுக்கும் மீட்டரை நேரத்தால் வகுப்பதுதான். அந்த நேரத்தை நாம விநாடி என்று எழுதுவோம், அவங்க செக்கன் என்று எழுதுவாங்க. புத்தகம் எந்த ஊரில் அச்சானது என்று கண்டுபிடிக்க அந்த ஒரு சொல் போதும்.