சங்கிலி வினைத் தொடக்கம்

தன்னைத் தானே நடத்திச் செல்லும் வேதிவினையின் முதற்படி சங்கிலி வினைத் தொடக்கம் எனப்படும். ஒரு பிணைப்பு நடுவே அறுந்து, இணைசேரா எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள் பிறக்கின்றன. ஒவ்வொரு தனி உறுப்பும் அடுத்த மூலக்கூறைத் தாக்கிப் புதிய தனி உறுப்பொன்றைத் தருகிறது. அரியது முதல் பிணைப்பை அறுப்பதுதான்.

இதைக் கற்பூரத்தில் காணலாம். திருத்தணி முருகன் கோயிலில் டிசம்பர் 31 அன்று நடைபெறும் திருப்படித் திருவிழாவில் 365 படிகளுக்கும் பூசை செய்து கற்பூரம் ஏற்றுகிறார்கள். காற்றில் கிடக்கும் கற்பூரம் மெல்ல ஆவியாகிக் கரையுமே தவிர, தானாகப் பற்றாது. தீக்குச்சியின் சுடர் அதை விரைந்து ஆவியாக்குவதுடன், சுடரிலுள்ள தனி உறுப்புகளையும் அந்த ஆவிக்குள் செலுத்துகிறது. பிறகு குச்சி வேண்டியதில்லை. எரியும்போது ஹைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்கினால், ஒன்று போய் இரண்டு வினைத்துகள்கள் வரும். இதுவே கிளைத்தல்; சுடர் நிலைப்பதும், சில கலவைகள் வெடிப்பதும் இதனால்தான்.

ஒளியும் வினையைத் தொடங்கி வைக்கும். ஹைட்ரஜன்–குளோரின் கலவை இருட்டில் அமைதியாக இருக்கும். நீல ஒளி பட்டால் வெடிக்கும். குளோரின் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 243 கிலோஜூல் போதும். ஹைட்ரஜனுக்கு 436 வேண்டும். ஆகவே முதலில் அறுவது குளோரின். ஓர் ஒளித்துகள் மிகப் பல மூலக்கூறுகளை வினைபுரியச் செய்வதைக் கண்டு 1913இல் மாக்ஸ் போடன்ஸ்டைன் சங்கிலி வினைக் கருத்தை முன்வைத்தார். கிளைத்தலை ஆராய்ந்த செமியோனவ், ஹின்ஷெல்வுட் இருவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர்.

யாரும் கொளுத்தாமலே வினை தொடங்குவதுதான் மிக அஞ்சத்தக்கது. பிளாஸ்டிக் மூலப்பொருளான ஸ்டைரீன் என்னும் நீர்மத்தின் மூலக்கூறுகள் வெப்பம் ஏறினால் தமக்குள்ளேயே தனி உறுப்புகளை உண்டாக்கிப் பலபடியாகத் தொடங்கும்; அப்போது எழும் வெப்பம் வினையை இன்னும் விரைவாக்கும். இதனால் ஸ்டைரீனைக் குளிர்வித்து, தனி உறுப்புகளைப் பிடித்து அடக்கும் தடுப்பானும் சேர்த்து வைப்பார்கள். 2020 மே 7 அதிகாலை, விசாகப்பட்டினத்தின் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் தொட்டி ஒன்று இப்படிச் சூடேறி, ஆவி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தனர். தடுப்பான் போதவில்லை, குளிரூட்டல் இரவில் நிறுத்தப்பட்டது, வெப்பநிலை தொட்டியின் அடியில் மட்டுமே அளக்கப்பட்டது என்று ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு கண்டறிந்தது. இத்தகைய கிடங்குகளில் தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலும் வெப்பநிலையை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். தடுப்பானின் அளவையும் தவறாமல் சோதிக்க வேண்டும்.