ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஷென்ஜென் ஆறு அப்படியொன்றும் பெரிய ஆறல்ல. வடகரை மாவோவின் சீனா, தென்கரை பிரிட்டிஷாரின் ஹாங்காங். இரு கரையிலும் ஒரே சனம். கொண்டான் கொடுத்தான் உறவு வேறு.

1958இல் வடகரையில் நிலமெல்லாம் கம்யூனுக்குப் போனது, சமையல்கூடப் பொதுவானது. பின்னாலேயே பஞ்சம். 1962 மே மாதம் எல்லையை நோக்கி ஆயிரமாயிரமாக ஜனம் ஓடியது. பிடிபட்டவர்களை ஹாங்காங் திருப்பி அனுப்பியது. ஓட்டம் நிற்கவில்லை. எல்லை வேலியில் காவல் இறுகியபோது கடலில் இறங்கினார்கள். கூடைப்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பையை ஊதிக் கட்டிக்கொண்டு, இருட்டில் விரிகுடாவை நீந்தினார்கள். கரையேறும் இடத்தில் சிப்பிகள் காலைக் கிழித்தன. கரையேறாதவர்களும் உண்டு.

1974 நவம்பரில் ஹாங்காங் ஒரு விநோத விதி போட்டது. எல்லையில் சிக்கினால் வந்த வழியே போக வேண்டும். நகருக்குள் நுழைந்து உறவினரிடம் சேர்ந்துவிட்டால் அடையாள அட்டை உண்டு. பிள்ளைகள் ஓடிவந்து தாச்சியைத் தொடுகிற ஆட்டமேதான்! தோற்றவர்களுக்குச் சீனாவில் தடுப்புக்காவல்.

1977இல் வடகரை மாகாணமான குவாங்டாங்குக்கு வந்த சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கிடம் அதிகாரிகள் இந்த ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். கோளாறு நம் கொள்கையில் இருக்கிறது, ராணுவத்தால் ஆகிற காரியமல்ல என்பதுதான் அவர் பதிலின் சாரம். மறுவருடம் மாகாணப் பொறுப்பேற்ற ஷி ஜோங்சுன் (இன்றைய அதிபர் ஷி ஜின்பிங்கின் அப்பா) எல்லைக்கே போய்ப் பார்த்தார். ஷா தாவ் காக்கில் தெரு நடுவே எல்லைக்கல். ஹாங்காங் பக்கம் வியாபாரம் களைகட்டியிருக்க, சீனப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது.

1980 ஆகஸ்டில் வடகரையில் இருக்கும் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. தொழிற்சாலைகள் ஹாங்காங்கிலிருந்து ஆற்றைத் தாண்டி வடகரைக்கு வந்தன, ஓட்டமும் அடங்கியது. மண்டலம் செய்த மாயம் என்பது சீனாவில் சொல்லப்படும் கதை. அதில் பாதிதான் உண்மை என்பேன். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்காங் தன் பழைய விதியை ரத்து செய்து, மூன்று நாள் மட்டும் அவகாசம் தந்து கதவைச் சாத்தியதே! அரசாங்கம் திறந்த நாளைப் போற்றுகிறவர்கள் பக்கத்து அரசாங்கம் மூடிய நாளை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் அதிகம் பேசுவதில்லை. மண்டலத்துக்கும் மற்ற சீனாவுக்கும் நடுவே பெய்ஜிங் இரண்டாவது வேலி ஒன்றை எழுப்பியது. ஹூனானிலிருந்தும் சிச்சுவானிலிருந்தும் வேலை தேடி வந்த சீனர்கள், சீன நகரமான ஷென்ஜெனுக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு காட்ட வேண்டியிருந்தது. அந்த எல்லையை அரசு முறைப்படி நீக்கியது 2018இல். மொத்த உற்பத்தி மதிப்பில் ஷென்ஜென் ஹாங்காங்கை முந்தியதும் அதே ஆண்டில்தான்.

(தொடரும்)