பெயரைச் சொன்னால் இடம் தெரியும்: மேளகர்த்தா முதல் ஹாஷ் மேப் வரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் திருநீர்மலையில் இப்போது தெருவுக்கு நாலு கம்ப்யூட்டர் எஞ்சினியர்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால், அவர்கள் பேச்சில் "ஹாஷ் மேப்", "ஹாஷ் டேபிள்" என்ற சொற்கள் அடிக்கடி விழும். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நம் ஊர்ச் சங்கீதத்தில் இதே யோசனை வெகுகாலமாக இருக்கிறது என்பது புரிந்தபோது, உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். பழைய மாணவர் ஒருவர் சான்றிதழ் நகல் கேட்டு வருகிறார். சேர்க்கை எண் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. பெயர் மட்டும் தெரிந்தால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பெயரிலிருந்தே எண்ணைக் கணக்கிட முடிந்தால் எவ்வளவு சுலபம்!

இதைத்தான் கடபயாதி முறை செய்கிறது. க, ட, ப, ய என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி, வடமொழி மெய்களை வரிசையாக 1, 2, 3 என்று எண்ணுவார்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே கேரளத்து வானியலார் ஹரிதத்தர் இதைக் கையாண்டிருக்கிறார். நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஆதாரமான சந்திர வாக்கியங்கள் 248. சந்திரனின் கணக்கு அந்த வாக்கியங்களுக்குள் எழுத்தாக ஒளிந்திருப்பதும் இந்த முறையில்தான்.

17ஆம் நூற்றாண்டில், தஞ்சையில் விஜயராகவ நாயக்கர் காலத்தில், வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் 72 மேளங்களை வகுத்தார். பின்வந்தவர்கள் அந்த மேளங்களுக்குக் கடபயாதிப்படி பெயர் சூட்டினார்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கி, இடம் மாற்றிப் படித்தால் மேளத்தின் எண் வந்துவிடும். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1. திருப்பினால் 15. அதுதான் அதன் எண். 1 முதல் 36 வரை சுத்த மத்யமம், 37 முதல் 72 வரை பிரதி மத்யமம். ஆக, எண் தெரிந்தால் ஸ்வரங்களும் தெரிந்துவிடும். அட்டவணையைத் தேட வேண்டியதில்லை.

கணக்குக்கு ஒத்துவராத பழைய பெயர்களுக்கு முன்னால் ஒட்டு சேர்த்தார்கள். சங்கராபரணம் தீரசங்கராபரணம் ஆனது 29க்காக. கல்யாணி மேசகல்யாணி ஆனது 65க்காக. தோடி ஹனுமதோடி ஆனது 8க்காக.

ஆனால் தமிழில் எழுதினால் ஒரு சிக்கல் வருகிறது. வடமொழியில் க வரிசையில் நான்கு ஒலிகள். அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று தனித்தனி எண். நமக்கு நான்குக்கும் ஒரே 'க'தான். கீரவாணி 21, கரகரப்பிரியா 22, கௌரிமனோகரி 23. மூன்றுமே தமிழில் க, ர என்று தொடங்குகின்றன. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் மூன்றுக்கும் 21 என்றே விடை வரும். வெவ்வேறு பெயர்கள், ஒரே எண். கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'மோதல்' என்கிறார்கள்.

இனி 1953க்கு வருவோம். அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற ஜெர்மானியர். முன்னாளில் நெசவுத் தொழிலில் இருந்தவர். துணியில் நூல் எண்ணும் கருவியைக் கண்டுபிடித்தவர். அந்த ஆண்டு ஜனவரியில் அலுவலகக் குறிப்பு ஒன்றில் அவர் ஒரு யோசனை எழுதினார். தேட வேண்டிய சொல்லிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிடு. அந்த எண்ணுள்ள பெட்டியில் போடு. ஒரே பெட்டிக்கு இரண்டு வந்தால், அங்கேயே சங்கிலியாகக் கோத்து வை. தேடும்போது அந்தப் பெட்டியை மட்டும் திறந்து, முழுப் பெயரை ஒப்பிட்டுப் பார். நம் மூன்று ராகங்களும் 21ஆம் பெட்டிக்குள் இருக்கலாம். முழுப் பெயரைப் படித்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு, 1954இல், அதே ஐபிஎம்மில் ஜீன் ஆம்டால், ஆர்தர் சாமுவேல் முதலியோர் வேறு வழியைக் கையாண்டார்கள். பெட்டி நிறைந்திருந்தால் அடுத்த காலிப் பெட்டிக்குப் போ, அவ்வளவுதான். ரஷ்யாவில் ஆந்த்ரே யெர்ஷோவும் தனியாக இதே வழியைக் கண்டார். இதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. கீரவாணி, கரகரப்பிரியா, கௌரிமனோகரி என்ற வரிசையில் இப்படி வைத்துப் பாருங்கள். முதலாவது 21இல் உட்காரும். இரண்டாவது 21 நிறைந்ததைப் பார்த்து 22க்குப் போகும். மூன்றாவது 23க்குப் போகும். சரியான எண்களே வந்துவிட்டன! இது தற்செயல்தான், ஆனாலும் ரசித்தேன்.

'ஹாஷ்' என்றால் கொத்திக் கிளறுவது. நம் கொத்து பரோட்டா மாதிரி. சொல்லின் எழுத்துகளை எண்களாக்கிக் கொத்திக் கிளறி, ஒரே எண்ணாக எடுப்பது. பிறகு நாம் ஐந்தாம் வகுப்பில் சொல்லித்தந்த வகுத்தல் மீதிதான். எண் 1000, பெட்டிகள் 16 என்றால், மீதி 8. எட்டாம் எண் பெட்டி.

மோதல் அபூர்வமாகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு 365 நாள் இருந்தும், 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் வர 89 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே மோதலைச் சமாளிக்கும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துவைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு புரோகிராமரும் தன் தேவைக்கு இந்தப் பெட்டி வரிசையைத் தானே கட்டினார். பிறகு 'எந்தப் பொருளையும் வைக்கும் பொதுப் பெட்டி' என்று மொழிகளின் நூலகங்களிலேயே தயாராக வந்தது. ஜாவாவில் ஹாஷ் மேப் 1998இல் வந்தது. 16 பெட்டிகளோடு தொடங்கும். 12 பொருளுக்கு மேல் போனால் பெட்டிகள் 32 ஆகும். உள்ளே மாணவர் விவரம் மட்டும், அல்லது புத்தக விவரம் மட்டும் என்று வகையைக் குறித்துவைக்கும் வசதி 2004இல் வந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியில் இன்னும் தாமதம். அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் உருவாக்கிய நூலகத்தை 1994இல் தரக்குழு ஏற்றது. ஆனால் அதில் ஹாஷ் டேபிள் இல்லை. பின்னால் முன்மொழிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1998இன் தரத்திலும் இடம்பெறாமல், 2011இல்தான் சேர்ந்தது. அதற்குள் ஆளாளுக்கு 'ஹாஷ் மேப்' என்ற பெயரில் ஒன்று வைத்திருந்ததால், அந்தப் பெயரையே வைக்க முடியாமல் 'அன்ஆர்டர்ட் மேப்' என்று வைத்தார்கள். மோதலைத் தீர்க்கும் பெட்டிக்கே பெயர் மோதல்!

பொதுப் பெட்டிக்கு உள்ளே வைக்கும் பொருள் என்னவென்று தெரியாது. ஆகவே நாம் இரண்டு விஷயங்களைச் சொல்லித்தர வேண்டும். ஒன்று, பொருளிலிருந்து எண்ணை எடுக்கும் வழி. இரண்டு, இரண்டு பொருள்கள் ஒன்றுதானா என்று பார்க்கும் வழி. இவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே பொருளுக்கு ஒரே எண் வந்தாக வேண்டும். வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே எண் வந்தால் பரவாயில்லை, பெட்டி சமாளித்துக்கொள்ளும். ஒரே பொருளுக்கு இரண்டு எண் வந்தால் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது.

தமிழர்களான நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

எங்கள் பழைய மாணவர் சந்திப்புக்குப் பெயர்ப் பட்டியல் ஒன்றை கம்ப்யூட்டரில் போட்டிருந்தார்கள். 'கோ' என்று தொடங்கும் பெயருள்ள ஒரு பெண் வந்து நின்றார். தேடினால் அவர் பெயர் வரவில்லை. "என் பேரே இல்லையா சார்?" என்று அவர் கேட்டபோது முகம் வாடிவிட்டது. பட்டியலைக் கண்ணால் பார்த்தால் பெயர் இருக்கிறது! எஞ்சினியர் பிள்ளை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் காரணம் சொன்னார்.

யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுடன் 'ோ' என்ற ஒரே குறி. அல்லது க-வுடன் 'ே', 'ா' என்று இரண்டு குறிகள். திரையில் வித்தியாசமே தெரியாது. உள்ளே எண்கள் வேறு. பட்டியலில் ஒரு விதம், தேடியவர் தட்டியது இன்னொரு விதம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஒரே வடிவுக்கு மாற்றும் முறையையும் தந்திருக்கிறது. ஆனால் ஜாவா, பைத்தான், சி பிளஸ் பிளஸ் மூன்றின் பெட்டிகளும் அதைத் தாமாகச் செய்வதில்லை. பெட்டியில் போடும் முன் நாம்தான் செய்ய வேண்டும்.

'ஸ்ரீ' இதைவிடக் கஷ்டம். அதை 'ஸ'வை வைத்தும் எழுதலாம். 2005இல் சேர்க்கப்பட்ட 'ஶ'வை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். யூனிகோடின் மாற்று முறையும் இவற்றை ஒன்றாக்காது. நம் பக்கத்தில் ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ரேஷன், வாக்காளர் பட்டியல், நூலகம், மருத்துவமனை எல்லாமே இன்று பெயரைத் தட்டித் தேடும் இடங்கள். "பெயர் இல்லை" என்ற பதிலைக் கேட்டு ஒரு வயதான அம்மா திரும்பிப் போவதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியே போதும்.

ஆகவே இதைப் படிக்கும் எஞ்சினியர் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பெயரைப் பெட்டியில் போடும் முன்பும், தேடும் முன்பும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள். 'ஸ்ரீ'க்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். கவுன்டரில் இருப்பவர்களுக்கு: பெயர் வரவில்லை என்றால், அழித்துவிட்டு வேறு கீபோர்டில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு "இல்லை" என்று சொல்லுங்கள்.

உங்களுக்கும் இப்படிப் பெயர் காணாமல் போன அனுபவம் இருந்தால், எந்த எழுத்தில் என்று கீழே எழுதுங்கள். ஒரு பட்டியல் போட்டு வைப்போம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநீர்மலை