பத்துப் பேர் இருந்தால் ஒரு வாத்தியார்

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே கோவில்பட்டிப் பக்கம் போனால் கரிசல் காடு. வழியில் பல ஊர்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் காதில் இரண்டு மொழிகள் விழும். கடைக்காரரிடம் தமிழ். பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரரிடம் தெலுங்கு. விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கேயிருந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் வாரிசுகள். சில நூறு வருஷமாக வீட்டுப் பாஷையை விடவில்லை. ஆனால் அதே தெலுங்கில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். பேச்சு உண்டு, எழுத்து கிடையாது.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வீட்டிலும் தெலுங்குதான். தம் முன்னோர் தெலுங்கு தேசத்திலிருந்து கிளம்பி வந்த கதையை அவர் 'கோபல்ல கிராமம்' என்று நாவலாக எழுதினார். தமிழில். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. கரிசல் வழக்குக்கு அகராதி போட்டவரும் அவரே. தமிழுக்கு இது கொழுத்த லாபம். தெலுங்குப் பேரேட்டில் என்ன வரவு வைப்பது?

சரி, இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிக்க உரிமை உண்டா? உண்டு. எந்த அளவுக்கு உண்டு என்பதில்தான் சமாசாரமே இருக்கிறது.

1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்குப் போட்டார்கள். ஆரம்பப் பள்ளியில் ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளிக்கூடம் முழுக்கச் சேர்த்து 40 பேர் வேறு தாய்மொழிக்காரர்களாக இருந்தால், அந்த மொழியில் சொல்லித்தர ஒரு வாத்தியாரைப் போட வேண்டும். எளிமையான, நியாயமான கணக்கு.

அப்புறம் தேசத்தையே மொழிவாரியாகப் பிரித்தார்கள். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-ல் மிச்சமும் பிரிந்தது. பழைய சென்னை மாகாணத்தில் தமிழும் தெலுங்கும் சம பலத்தில் இருந்தன. பிரிவினைக்குப் பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்ட தெலுங்கர்கள், இருந்த இடத்தைவிட்டு நகராமலேயே சிறுபான்மை ஆகிப்போனார்கள். இப்படி ஆகும் என்று மாநிலச் சீரமைப்புக் கமிஷனுக்குத் தெரிந்தே இருந்தது. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் 1955-ல் கொடுத்த அறிக்கையில், ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடச் சொன்னார்கள்.

எழுதினார்கள். ஏழாவது திருத்தம், பிரிவு 350ஏ. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் 'முயல வேண்டும்'. அவ்வளவுதான். நான் பி.காம். படித்தவன். புரோ நோட்டில் 'பணத்தைத் திருப்பித் தர முயல்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் எந்த வட்டிக்கடையிலும் பத்து ரூபாய் பெயராது.

கூடவே 350பி. இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி. 1957-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக்கை நியமித்தார்கள். அலுவலகமும் அலகாபாத்திலேயே அமைந்தது. விசாரிக்கலாம், ஜனாதிபதிக்கு அறிக்கை தரலாம், அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகும். உத்தரவு போடுகிற வேலை மட்டும் அவருக்குக் கிடையாது.

தமிழ்நாட்டில் 2006 வரை தெலுங்கு, உருது, கன்னடம், மலையாளம் பேசும் மாணவர்கள் முதல் பாடமாகத் தமிழுக்குப் பதில் தங்கள் மொழியை எடுத்துப் படிக்க முடிந்தது. அந்த வருஷம் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2006-07-ல் ஒன்றாம் வகுப்பு, பிறகு வருஷத்துக்கு ஒரு வகுப்பு என்று ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. பொதுத்தேர்வில் தமிழ் கட்டாயம். தாய்மொழி விருப்பப் பாடமாகிவிட்டது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விலக்கு கிடைத்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தது. நிரந்தரத் தீர்வல்ல, வாய்தா.

இங்கே வாழப்போகிற பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் தமிழை உள்ளே கொண்டுவருவது ஒரு காரியம். அதற்காக இன்னொன்றைத் திண்ணைக்கு அனுப்புவது வேறு காரியம்.

ஏன் என்று தெரிய, மேற்கே திரும்பிப் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் மூணாறில் இருக்கிறார்கள். 1956-ல் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது. தமிழர்கள் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றுவிட்டன. 2017-ல் கேரளம், பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளின் கதி என்ன என்று நாம் கேட்டால், 'இங்கே வாழ்பவனுக்கு மலையாளம் வேண்டாமா?' என்பார்கள். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை?

இதே வாதத்தை 1930-களில் அல்பேனியா வைத்தது. 1933-ல் அது அரசியல் சட்டத்தைத் திருத்தி, தனியார் பள்ளிகளை மொத்தமாக மூடியது. அங்கே சிறுபான்மையாக இருந்த கிரேக்கர்களின் பள்ளிகளும் போயின. ஆனால் 1921-ல், சிறுபான்மையினர் சொந்தப் பள்ளி நடத்தலாம் என்று சர்வதேச சங்கத்திடம் வாக்குக் கொடுத்திருந்த தேசம் அது. கேட்டால், 'எல்லாருக்கும்தானே மூடினோம், இதில் பாரபட்சம் எங்கே?' என்றது. விவகாரம் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1935 ஏப்ரலில் எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் அல்பேனியாவின் வாதத்தைத் தள்ளிவிட்டார்கள். பெரும்பான்மைக்காரன் பிள்ளைக்கு அரசுப் பள்ளி இருக்கிறது, அங்கே அவன் மொழி இருக்கிறது. சிறுபான்மைக்காரனுக்குச் சொந்தப் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. ஆகவே அது சமத்துவமும் அல்ல.

சங்கரன்கோவில் கரிசல்காட்டு அப்பாக்கள் இதற்காகக் கோர்ட்டுப் படி ஏறுவார்களா? சந்தேகம்தான். தெலுங்கு பேசும் வீட்டிலும் சரி, தமிழ் பேசும் வீட்டிலும் சரி, இன்றைக்குக் கேட்பது இங்கிலீஷ் மீடியம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. அவற்றைத் திறக்கும்போது, இந்த ஊரில் இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ள பிள்ளைகள் பத்துப் பேராவது தேறுவார்களா என்று யாரும் எண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.