ஓசூரில் ஒரு பாகப்பிரிவினை

ராணிப்பேட்டையில் தொடங்கி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பெங்களூரு நெடுஞ்சாலையோடு வந்த இந்தத் தொடரில் இதுவரை பார்த்ததெல்லாம் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும்தான். இந்த வாரம் அதே சாலையில் கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் வரை போக வேண்டும். ஆம்பூரின் முக்கியமான கேள்வி ஒன்றுக்கான பதில் அங்கே இருக்கிறது.

அந்தக் கேள்வி எழுந்த காலம் 1970கள். அதுவரை பாலாற்றங்கரைத் தோல், ஆவாரம்பட்டையில் பதனிடப்பட்டு, அரைகுறைச் சரக்காகவே கப்பலேறியது. 1972ல் சீதாராமையா கமிட்டி அறிக்கை வந்தது. அதன் பரிந்துரைப்படி மறு ஆண்டிலிருந்து அரைகுறைச் சரக்கின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாகப் பதனிட்ட தோல், ஷூ அப்பர், பிறகு முழு ஷூ என்று ஆம்பூர் படிப்படியாக ஏறியது. ஷூவுக்கு உருவம் தரும் லாஸ்ட் கட்டை, பேட்டர்ன், பெட்டியில் அச்சடிக்கும் பெயர் எல்லாம் வெளிநாட்டு பையருடையவை. தோலும் தையலும் நம்முடையவை. வேலை நன்றாக நடந்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் டிசைன் கொடுத்தவர் ஒரு நாள் கையை உதறிவிட்டுப் போனால், இங்கே மிஞ்சுவது என்ன?

ஷூவைவிட வண்டித் தொழிலில் இந்தக் கேள்வி முன்னதாகவே வந்துவிட்டது. தமிழ்நாட்டிலேயே அதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன.

முதல் விடை வண்டலூர்ப் பக்கம். சென்னை யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. வான்கார்டு, டென், பென்னன்ட் கார்களுக்குப் பிறகு 1961ல் ஹெரால்டு வந்தது. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு அது. அழகான கார். பாடியைக் கழற்றினால் கீழே தனி சேஸிஸ் முழுதாக நிற்கும். அதே சேஸிஸின் நீளத்தைக் குறைத்துத்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பிற்பாடு அங்கே சின்னச் சின்ன ஷெட்டுகளில் பழைய ஹெரால்டுகளை வாங்கிப் பிரித்து, சேஸிஸின் மேல் புது பாடி ஏற்றி, பழைய எம்.ஜி. காரைப் போலத் தோன்றும் ஜென்ட்ரி மாதிரியான நகல் ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்து விற்றார்கள். ஒரே சேஸிஸை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கார் செய்த காலம் அது. வண்டலூரிலும் அந்தத் துணிவு ஓரளவு இருந்தது. ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது நம் ஆட்கள்.

1970களின் தொடக்கத்தில், இங்கிலாந்து ஸ்டாண்டர்டின் அன்றைய உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்டோடு இருந்த உறவு முறிந்தது. 1972ல் பெயரை மாற்றி கெஸல் என்று விட்டார்கள். பின் ஆக்ஸிலை மாற்றினார்கள். எஞ்சின் மட்டும் அதே பழைய 948 சி.சி. 1977ல் கெஸலும் நின்றது. எட்டு ஆண்டுகள் ஸ்டாண்டர்ட் 20 வேனை வைத்து ஓட்டிவிட்டு 1985ல் இன்னொருவர் வரைந்த காரையே மறுபடியும் கொண்டுவந்தார்கள். ரோவர் எஸ்.டி.1 காரின் அச்சுகளை வாங்கி, அதற்குள் வான்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்த 2 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். ஸ்டாண்டர்ட் 2000 என்ற அந்தக் கார் விலை கூடுதல், பெட்ரோல் செலவும் கூடுதல். 1988ல் உற்பத்தி நின்றது. விற்காமல் கிடந்த உதிரி பாகங்களைப் பிற்பாடு ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் மொத்தமாக வாங்கி உலகம் முழுக்க உள்ள ரோவர் பிரியர்களுக்கு விற்றது. வண்டலூர் தொழிலாளிகளின் கைவேலையில் குறை இருந்திருந்தால் அந்தச் சரக்கு விலை போயிருக்காது. நல்ல கைகள் இருந்தன. புதிதாக ஒரு எஞ்சினை வரைய ஆளும் அதற்கான முதலீடும்தான் இல்லாமல் போயின.

இரண்டாவது விடை ஓசூரில். ராணிப்பேட்டையைப் போலவே 1970களில் சிப்காட் உருவாக்கிய தொழில் நகரம் அது. டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு அங்கே 1980ல் டி.வி.எஸ். 50ஐ விட்டது. இரண்டு பேர் உட்காரும் மொபெட் இந்தியாவில் அதுவே முதல். பேரணாம்பட்டு, ஆம்பூர்ச் சந்துகளில் மூட்டை கட்டிக்கொண்டு போகும் டி.வி.எஸ். 50ஐப் பார்க்காதவர் இந்தப் பகுதியில் யாரும் இல்லை.

1982ல் வேணு சீனிவாசன் தலைமையில் ஜப்பானின் சுசுகியோடு ஒப்பந்தம் ஆனது. 1984ல் இண்ட்-சுசுகி என்ற பெயரில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வந்தது. இந்தோ-ஜப்பான் 100 சி.சி. வண்டிகளில் முதலில் ரோட்டுக்கு வந்தது அதுதான். 1986ல் நிறுவனத்தின் பெயர் டி.வி.எஸ்.-சுசுகி ஆயிற்று.

முதலில் வந்தவர்களுக்குச் சோதனையும் முதலில் வந்தது. 1985க்குப் பிறகு யென் மதிப்பு வேகமாக ஏறியது; ஜப்பானிலிருந்து வரும் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. 1990ல் தொழிலாளர் பிரச்சினையில் ஆலை சில மாதங்கள் மூடிக் கிடந்தது. எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல் எஞ்சினில் இருந்தது. சுசுகி தந்தவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். வேகமாகப் பாயும், ஆனால் பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும். எதிரணியில் ஹீரோ ஹோண்டா 1985லேயே ஃபோர் ஸ்ட்ரோக் சி.டி.100ஐ விட்டு, மைலேஜ் பார்த்து வண்டி வாங்கும் குடும்பங்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. புகைக் கட்டுப்பாடுகள் வருடத்துக்கு வருடம் இறுகின. டி.வி.எஸ்.-சுசுகியின் ஷோகன், சாமுராய் வண்டிகளுக்கு இளைஞர்களிடம் நல்ல பெயர் இருந்தும், சந்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்தக் கூட்டின் வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது ஒப்பந்தக் கையெழுத்துகளை அல்ல. 1994ல் வந்த ஸ்கூட்டியை. அது ஓசூர் எஞ்சினியர்கள் தாங்களாகவே வடிவமைத்த வண்டி. கல்லூரிப் பெண்களும் வேலைக்குப் போகும் பெண்களும் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கூட்டாளி வீட்டில் இருக்கும்போதே ஓசூர் தனியாகச் சமைக்கக் கற்றுக்கொண்டது அந்த வண்டியில்தான். அதைத் தொடர்ந்து சொந்த ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளுக்கான வேலை தொடங்கியது. அதன் பெயர் விக்டர். 2001ல் அது கடைக்கு வந்தது.

அதே 2001 செப்டம்பரில் கூட்டு உடைந்தது. நிறுவனத்தில் சுசுகிக்கு இருந்த பங்கு சுமார் 26 சதவீதம். பங்கு ஒன்றுக்கு 15 ரூபாய், மொத்தம் ஏறக்குறைய 9 கோடி ரூபாய்க்கு அதை டி.வி.எஸ். தரப்பு வாங்கிக்கொண்டது. அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த தொகை. அதற்கு ஈடாகப் பெயரை விட்டுக்கொடுத்தார்கள், நிறுவனம் டி.வி.எஸ். மோட்டார் ஆனது. சுசுகி டிசைனில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை ராயல்டி கொடுத்து 30 மாதம் செய்துகொள்ளலாம். அந்த 30 மாதமும் சுசுகி இந்தியாவில் இரு சக்கர வாகனச் சந்தைக்குள் வராது. நம் ஊர்களில் தோல் மண்டிப் பங்காளிகள் பிரியும்போது யார் எந்த ஊர் வாடிக்கையைத் தொடக்கூடாது என்று பெரியவர்கள் முன்னால் பேசி முடிப்பார்கள். ஓசூர்ப் பிரிவினையின் சாரமும் அதுவே. வாங்கிய பங்கைவிட வாங்கிய அவகாசம்தான் பெரிது.

அந்த அவகாசத்தில் விக்டர் ஓடியது. மைலேஜ் கேட்ட குடும்பங்களுக்கு டி.வி.எஸ். பெயரிலேயே பதில் கிடைத்தது. 2002ல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசும் ஓசூருக்குக் கிடைத்தது. ஜப்பானியக் கூட்டாளி போன மறு வருடமே ஜப்பானிலிருந்து அப்படி ஒரு பரிசு வருவது சாதாரணமல்ல. சுசுகி 2006ல் தனி நிறுவனமாக, குர்கான் ஆலையோடு இந்தியச் சந்தைக்குத் திரும்பியது. அதற்குள் இங்கே வேர் பிடித்துவிட்டது.

1980களில் கைகோத்த மற்ற ஜோடிகளும் தாக்குப்பிடிக்கவில்லை. கைனடிக்-ஹோண்டா 1998ல் பிரிந்தது. எஸ்கார்ட்ஸ் 2001ல் தன் பங்கை யமஹாவுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. ஹீரோ ஹோண்டா 2010 டிசம்பரில் பிரிவை அறிவித்தது. பஜாஜ்-கவாசாகி 2017 வரை இழுத்தது. ஹோண்டா போன பிறகு ஸ்கூட்டரில் கைனடிக்குக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. பிரிவதற்கு முன்னால் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்பதே ஒவ்வொரு ஜோடியிலும் வித்தியாசத்தை உண்டாக்கியது என்பது என் கணிப்பு.

ஓசூர் பிறகு செய்த ஒப்பந்தத்தை ஆம்பூர் நண்பர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரலில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டோராட் நிறுவனத்தோடு டி.வி.எஸ். கைகோத்தது. இந்த முறை ஒருவர் நிறுவனத்தில் மற்றவர் பங்கு வாங்கவில்லை. 500 சி.சி.க்குக் கீழ் உள்ள வண்டிகளுக்குப் பொதுவான ஒரு அடித்தளம்; அதன் மேல் அவரவர் வண்டி, அவரவர் பெயர், அவரவர் கடை. ஜி 310 ஆர் ஓசூரில் தயாராகி பி.எம்.டபிள்யூ. முத்திரையோடு போனது. அதே அடித்தளத்தில் 2017 டிசம்பரில் டி.வி.எஸ். தன் பெயரில் அப்பாச்சி ஆர்.ஆர். 310ஐ விட்டது.

அடுத்தவர் பெயர் போட்ட பெட்டியில் ஷூ அடுக்கும் ஆம்பூரில் இப்படி ஓர் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்க முடியுமா? லாஸ்ட்டும் பேட்டர்னும் உள்ளூரிலேயே வரைந்து, அதே லைனில் சொந்தப் பெயரிலும் ஷூ விடுவதற்கு பையர் சம்மதிப்பாரா? அதற்கு முயன்ற ஷூ கம்பெனிகளின் கதையை அடுத்த வாரம் ஆம்பூருக்கே திரும்பிப் போய்ப் பார்ப்போம்.

(தொடரும்)