ஹனகாப்பியாய் அருவிப் பாதை

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயின் வடமேற்குக் கரைக்கு நா பாலி என்று பெயர். மலைச்சுவர்கள் நேரே கடலில் இறங்குவதால் அங்கே இன்றுவரை வண்டிச் சாலை கிடையாது. தீவின் வடகரைச் சாலை கேஏ கடற்கரையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கலலாவ் பள்ளத்தாக்கு வரை 18 கிலோமீட்டருக்கு ஒற்றையடிப் பாதைதான். அதில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் ஹனகாப்பியாய் கடற்கரை வரும். கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி, ஓடையை ஒட்டி ஏறக்குறைய அதே தூரம் ஏறினால், சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஹனகாப்பியாய் அருவியை அடையலாம். போக வர 13 கிலோமீட்டர். மலைப்பாதை ஓட்டக்காரர்கள் விரும்பி வரும் வழி இது. அவர்கள் ஓடும் தடத்தின் இருபுறமும் ஒரு காலத்தில் ஊர் இருந்தது.

அருவிக்குப் போகும் வழியில் மரங்களுக்கிடையே தாழ்வான கல்வரிசைகள் தெரியும். மழையில் சரிந்த கற்கள் போலத் தோன்றினாலும் அவை சேப்பங்கிழங்கு வயல்களின் வரப்புகள். பழைய ஹவாய் மக்கள் பள்ளத்தாக்கின் சரிவைப் படிப்படியாக வெட்டி, சாந்தில்லாமல் கல்லடுக்கி, ஓடை நீரை வாய்க்காலில் திருப்பி, வயலுக்கு வயல் இறங்கும்படி விட்டார்கள். அவித்து இடித்த கிழங்கில் செய்யும் போயி என்ற கூழ்தான் அவர்களின் அன்றாட உணவு. கோடையில் கடல் அடங்கியிருக்கும்போது ஓடங்கள் வந்துபோயின. குளிர்காலத்தில் பேரலை எழுந்து கரையை அடைத்துவிடும். அப்போது பள்ளத்தாக்குகளை இணைத்தது ஒற்றையடிப் பாதை மட்டுமே.

ஹவாய்ச் சமூகத்தில் ஓட்டம் ஒரு தொழிலாகவே இருந்தது. தலைவர்களுக்குச் செய்தி கொண்டுபோக 'குகினி' எனப்படும் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் ஹவாய் வரலாற்றாசிரியர் டேவிட் மாலோ அவர்களின் பயிற்சியை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். முதலில் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலால் நடக்க வேண்டும். பிறகு குதிகாலால் மட்டும் நடக்க வேண்டும். அதே இரு முறைகளிலும் ஓடிப் பழகிய பிறகுதான் முழுப் பாதத்தையும் ஊன்றி ஓட விடுவார்கள். சாப்பாட்டிலும் கட்டுப்பாடு உண்டு. நீர்த்த போயி கூடாது. அரைவேக்காட்டுக் கோழிக்கறியும் சுட்ட கிழங்கும் ஈரப்பலாவும்தான் உணவு. குகினிகளுக்குள் பந்தயம் வைத்துப் பொருளைப் பணயமாகக் கட்டும் வழக்கமும் இருந்தது. கமேகமேகா அரசரிடம் இருந்த மகோவா என்ற ஓட்டக்காரர், ஹவாய்ப் பெருந்தீவின் மறுகரைக்கு ஓடி, குளத்து மீனைத் துடிப்பு அடங்குமுன் கொண்டுவந்து சேர்ப்பார் என்று சொல்வார்கள். கதையில் மிகை இருக்கலாம். ஆனால் ஓடுபவருக்கு அந்த மக்கள் தந்த மதிப்பை அதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

1778இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் கவாயின் வைமேயாவில் நங்கூரமிட்டன. அதன்பின் வந்த தொற்றுநோய்களில் தீவுகளின் மக்கள்தொகை சரிந்தது; நா பாலியின் வயல்களும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹனகாப்பியாயில் காப்பித் தோட்டம் போட்டார்கள். இன்றைய பாதை உருவானதும் அந்தக் காலத்தில்தான். காப்பி ஆலையின் கல் புகைபோக்கி இன்றும் பாதையோரம் நிற்கிறது. காப்பிச் செடிகள் காட்டோடு காடாகிவிட்டன. அவற்றோடு கொய்யாவும் மண்டிக்கிடக்கிறது.

எளிதில் எட்ட முடியாத இடம் என்பதே சிலருக்கு அரணானது. தொழுநோயாளிகளைப் பிரித்து மொலொகாய் தீவுக்கு அனுப்பும் சட்டம் 1865இல் வந்தது. மனைவி பீலானியைப் பிரிந்து அங்கே போக மறுத்த கோஒலாவ் என்ற நோயாளி, குடும்பத்தோடு கலலாவில் ஒளிந்தார். 1893இல் தம்மைப் பிடிக்க வந்த துணை ஷெரீஃபைச் சுட்டுக் கொன்றார். அடுத்து வந்த படையாலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. மகனும் கணவரும் நோயில் இறந்தபின், இருவரையும் பள்ளத்தாக்கிலேயே புதைத்துவிட்டு பீலானி தனியே திரும்பினார். அவர் சொன்ன வரலாறு 1906இல் ஹவாய் மொழியில் நூலாக வந்தது. இதே நிகழ்வை வைத்து ஜாக் லண்டன் எழுதிய சிறுகதையைவிட அதுவே நம்பத் தகுந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைசிக் குடிகளும் வெளியேற, பள்ளத்தாக்குகளில் மாடுகள் மேய்ந்தன. பாதையின் சில பகுதிகள் 1930களில் திருத்தப்பட்டன. பாதை தொடங்கும் ஹாஏனாவில் 1969 முதல் மரக்குடில்கள் கட்டி வாழ்ந்த ஹிப்பிகளின் டெய்லர் முகாமை அரசு 1977இல் அகற்றியது. அந்த நிலம் பூங்காவானது. நா பாலியும் இப்போது 6,175 ஏக்கர் மாநிலக் காட்டுப் பூங்கா. மனிதர் கைபடாத இயற்கை என்று அதை விளம்பரம் செய்வது சரியல்ல. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் வயல்மேல் வளர்ந்த காடு அது.

ஓடுபவருக்கு இந்தப் பாதை எளிதில் வசப்படாது. முதல் பகுதியில் பதித்த கற்கள் மழையில் வழுக்கும். உள்ளே செல்லச் செல்லச் செம்மண் சேறும், தாழை வேர்களும், மூங்கில் புதரும் வேகத்தைக் குறைக்கும். ஓடையைப் பலமுறை கடக்க வேண்டும், பாலம் இல்லை. மலைமேல் மழை பிடித்தால் முழங்காலளவு நீர் சில நிமிடங்களில் காட்டாற்று வெள்ளமாகிவிடும். 2014 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அக்கரையில் சிக்கி மீட்கப்பட்டனர். அருவியடிக் குளத்தில் மேலிருந்து கல் விழுவதும் உண்டு. மலைப்பாதை ஓட்டம் ஹவாயில் போட்டியாக வளர்ந்தது வேறு தீவில்தான்: ஒவாஹுவில் ஹர்ட் 100 என்ற நூறு மைல் ஓட்டம் 2001இல் தொடங்கியது. அதன் தடம் மனோவா அருவிப் பாதை வழியாகவும் இறங்குகிறது.

2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் அருகிலுள்ள வைப்பாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை கொட்டியது. அமெரிக்காவில் அதுவரை பதிவான அளவுகளையெல்லாம் அது மிஞ்சியது. சாலை நிலச்சரிவில் துண்டிக்கப்பட்டு, பாதை ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்தது. முன்பு நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்த ஹாஏனாவில், 2019 ஜூனில் திறந்தபோது 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். ஹவாய் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். அருவி வரை ஓடித் திரும்ப அந்த முன்பதிவு போதும். ஹனகாப்பியாய்க்கு அப்பால் கால்வைக்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். கலலாவ் வரை போக வர சுமார் 35 கிலோமீட்டரையும் ஒரே பகலில் ஓடித் திரும்பிவிடுபவருக்கும் இந்த விதி பொருந்தும்.