இறந்தவருக்கும் ஒரு ஞானஸ்நானம்

ஆல்வின் ஸ்மித்துக்கு அப்போது 25 வயது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பால்மைரா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், வயதான பெற்றோருக்காக ஒரு மரவீடு கட்டிக்கொண்டிருந்தார். 1823 நவம்பரில் கடுமையான வயிற்றுவலி வந்தது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் கிடைக்கவில்லை. வந்த இன்னொருவர் கலோமல் என்ற பாதரச மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார். நவம்பர் 19-ஆம் தேதி ஆல்வின் இறந்துபோனார். வீடு பாதியில் நின்றது.

அடக்க ஆராதனையில் பேசிய போதகர், ஆல்வின் எந்தச் சபையிலும் சேராதவர், ஆகவே நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று ஏறக்குறையச் சொல்லியே விட்டார். இதை நினைவுகூர்ந்தவர் ஆல்வினின் தம்பி வில்லியம், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. அதனால் போதகரின் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பேச்சு குடும்பத்தைச் சுட்டது உண்மை. அதோடு துயரம் தீரவில்லை. பிணத்தைத் தோண்டியெடுத்து அறுத்துப் பார்த்துவிட்டார்கள் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. 1824 செப்டம்பரில் தகப்பனார் அண்டை அயலாரைக் கூட்டிக்கொண்டு போய் மகனின் குழியைத் திறந்து பார்த்தார். உடல் கலையாமல் இருந்தது. அதை உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பாகவே வெளியிட்டார்.

இன்னொரு தம்பி ஜோசப்புக்கு அண்ணன் இறந்தபோது 17 வயது. 1830-இல் அவர் தொடங்கிய சபைதான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஊர் உலகம் மார்மன் சபை என்று சொல்கிறது. 'மார்மன் நூல்' என்ற வேதத்தால் வந்த பெயர் அது. நித்திய ஜீவனைப் பற்றி இந்தச் சபை சொல்வதும் மற்ற கிறிஸ்தவச் சபைகள் சொல்வதும் எங்கே பிரிகின்றன என்று தேடுகிறவர்கள் வழக்கமாக இறையியல் நூல்களைப் புரட்டுவார்கள். இழவு வீடுகளின் பக்கம் போனால் விஷயம் சீக்கிரம் விளங்கும். மார்மன்களின் மறுவுலகக் கொள்கையில் முக்கியமான பல பகுதிகள் ஒரு சாவை ஒட்டி, ஒரு கல்லறையின் பக்கத்தில் உருவானவை.

அன்றைய பால்மைராவில் பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போதகர்கள் ஆள் சேர்ப்பதில் போட்டி போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மனிதனுக்குத் தரப்பட்ட அவகாசம் அவன் மூச்சு நிற்கும் வரைதான். அதற்குள் விசுவாசித்தவனுக்கு மோட்சம், மற்றவனுக்கு நரகம். கத்தோலிக்கர்கள் இடையில் உத்தரிக்கும் தலத்தை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வதும் அந்த நம்பிக்கையில்தான். ஆனால் அங்கேயும் போகிறவர்கள் இறைவனின் அருளில் இறந்தவர்களே. தீர்ப்பு ஏற்கெனவே ஆகிவிட்டது, பாக்கி தூய்மை பெறுவது மட்டும். இறந்த பிறகு புதிதாக மனம் மாறிக் கரையேறலாம் என்று இந்தச் சபைகளில் எதுவும் சொல்லவில்லை.

ஸ்மித் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு முன்பே உறுத்தியிருக்கிறது. ஜோசப்பின் தாத்தா ஏசல், கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பிய யூனிவர்சலிஸ்டுகள் பக்கம் சாய்ந்தவர். பேரன் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் 1832 பிப்ரவரி 16-ஆம் தேதி ஒஹாயோவின் ஹைரம் ஊரில் ஒரு பண்ணை வீட்டின் மாடி அறையில் நடந்தது தாத்தாவுக்குப் பிடித்திருக்கும். ஜோசப்பும் சிட்னி ரிக்டனும் யோவான் நற்செய்தியைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். நீதிமான்களின் உயிர்த்தெழுதலைச் சொல்லும் வசனத்துக்கு வந்தபோது இருவருக்கும் தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார்கள். ஒருவர் கண்டதைச் சொல்ல, மற்றவர் தானும் அதையே காண்பதாகச் சொல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல் அது போனது. அறையில் இருந்த ஃபிலோ டிபிள் என்பவர் பின்னாளில் சொன்னபடி, முடிந்தபோது ஜோசப் தெம்பாக உட்கார்ந்திருந்தார், ரிக்டன் துவண்டு போயிருந்தார். சிட்னிக்கு என்னைப் போல் பழக்கமில்லை என்று ஜோசப் புன்னகைத்தாராம்.

அந்தத் தரிசனத்தில் வானுலகம் மூன்று மகிமைகளாகப் பிரிந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் சூரியனின் மகிமை வேறு, சந்திரனின் மகிமை வேறு, நட்சத்திரங்களின் மகிமை வேறு என்கிறார். பெரும்பாலான கிறிஸ்தவ உரையாசிரியர்கள் அதை உயிர்த்தெழும் உடலுக்குச் சொன்ன உவமையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜோசப் அதை மூன்று உலகங்களின் வரைபடமாக வாசித்தார். உண்மையுள்ளவர்களுக்குச் சூரிய மகிமை. நல்லவர்களாக இருந்தும் சுவிசேஷத்தை முழுமையாக ஏற்காதவர்களுக்குச் சந்திர மகிமை. பொய்யருக்கும் விபசாரிக்கும்கூட, தண்டனை அனுபவித்த பிறகு, நட்சத்திர மகிமை. இதிலெல்லாம் சேராமல் நிரந்தர இருளுக்குப் போகிறவர்கள் மிகமிகக் கொஞ்சம்.

வெளியார் மட்டுமா திடுக்கிட்டார்கள்? சபைக்குள்ளேயே பலருக்கு இது தொண்டையில் சிக்கியது. பின்னாளில் சபையின் தலைவரான பிரிகாம் யங், தனக்கும் இதை ஏற்க நாளானது என்று ஒப்புக்கொண்டார். விபசாரிக்கும் ஒரு சொர்க்கமா என்று கேட்டவர்கள் சபையை விட்டே போனார்கள். நரகம் இத்தனை காலியாக இருப்பது பக்தர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் சங்கடம்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டிலும் ஆல்வினுக்கு வழியில்லை. மேல் உலகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும். ஆல்வினோ சபை பிறப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே போய்விட்டார். 1836 ஜனவரியில், முடியும் தறுவாயில் இருந்த கர்ட்லாண்ட் ஆலயத்தில் ஜோசப் இன்னொரு தரிசனம் கண்டார். சூரிய மகிமையில் ஆல்வின் இருந்தார். ஞானஸ்நானம் இல்லாதவர் அங்கே எப்படி வந்தார் என்று ஜோசப்பே வியந்ததாகப் பதிவு சொல்கிறது. வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஏற்றிருப்பவர்களும் அதற்கு உரியவர்களே என்பது கிடைத்த பதில். எட்டு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளுக்கும் அதே இடம். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுக்களை எங்கே வைப்பது என்று கத்தோலிக்க இறையியலர்கள் பல நூற்றாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள். ஜோசப்பும் அவர் மனைவி எம்மாவும் தங்கள் பிள்ளைகளில் பலரைச் சிசுவாகவே புதைத்தவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இழவு 1840-இல். மிசூரியிலிருந்து விரட்டப்பட்ட மார்மன்கள் மிசிசிப்பி ஆற்றின் வளைவில், இல்லினாய் மாநிலத்தில், நாவூ என்ற ஊரை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். சதுப்பு நிலம், கொசு, மலேரியாக் காய்ச்சல். அடிக்கடி அடக்கம் நடந்தது. சீமோர் பிரன்சன் என்பவரின் அடக்க ஆராதனை ஆகஸ்ட் 15-ஆம் தேதி. கூட்டத்தில், ஞானஸ்நானம் பெறாத மகனைப் பறிகொடுத்த ஒரு தாயும் இருந்தார். அன்றுதான் ஜோசப் முதல்முறையாக அறிவித்தார்: உயிரோடிருப்பவர் இறந்தவருக்காகத் தண்ணீரில் இறங்கலாம்.

சில வாரங்களில் ஜேன் நெய்மன் மிசிசிப்பியில் இறங்கினார், இறந்த மகன் சைரஸுக்காக. வியென்னா ஜாக்ஸ் என்ற பெண்மணி சாட்சியாக இருந்தார். சடங்குச் சொற்கள் காதில் விழ வேண்டுமே என்று குதிரையோடு ஆற்றுக்குள் போய் நின்றார்! என்ன வார்த்தை சொல்லிச் செய்தீர்கள் என்று ஜோசப் பிறகு விசாரித்து, சரிதான் என்றார். அதன்பின் கரையில் கூட்டம். அப்பாவுக்காக, பாட்டிக்காக, செத்துப்போன சிநேகிதனுக்காக மனிதர்கள் வரிசையாக ஆற்றில் இறங்கினார்கள். ஆணுக்காகப் பெண்ணும் பெண்ணுக்காக ஆணும் முழுகினார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்ற விதி பின்னால் வந்தது. ஆல்வினுக்காக முழுகியவர் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஹைரம்.

1841 அக்டோபரில் ஜோசப் ஆற்றுச் சடங்கை நிறுத்தினார். இனி ஆலயத்துக்குள் மட்டும். கூரைகூட இல்லாத நாவூ ஆலயத்தின் அடித்தளத்தில் ஒரு மரத் தொட்டி வந்தது. அதைத் தாங்கி நின்றன எலைஜா ஃபோர்டாம் செதுக்கிய 12 மரக் காளைகள். பழைய ஏற்பாட்டில் சாலமோனின் ஆலயத்து வெண்கலக் கடல் தொட்டியை நினைத்துச் செய்தது. இன்றும் மார்மன் ஆலயங்களில் இந்தத் தொட்டி 12 காளைகளின் முதுகில்தான் இருக்கிறது.

இதற்கு வேத ஆதாரம் உண்டா? ஒரே வசனம் உண்டு. மரித்தோர் உயிர்த்தெழாவிட்டால் அவர்களுக்காக ஏன் ஞானஸ்நானம் பெறுகிறார்கள் என்று அதே கொரிந்தியர் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கிறார். அந்த வசனத்தோடு உரையாசிரியர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. பவுல் அந்த வழக்கத்தை ஆதரிக்கவில்லை, எதிராளியின் வாயை அடைக்க அதைச் சுட்டினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மார்சியோன் என்பவரின் வழிவந்தவர்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருந்ததை நான்காம் நூற்றாண்டின் ஜான் கிறிசோஸ்தம் கேலியோடு எழுதியிருக்கிறார்: பிணம் கிடக்கும் கட்டிலுக்கு அடியில் ஒருவன் ஒளிந்துகொண்டு, ஞானஸ்நானம் வேண்டுமா என்று பிணத்தைக் கேட்டால் கீழிருந்து வேண்டும் என்பானாம். 397-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பிணத்துக்கு ஞானஸ்நானம் தரக் கூடாது என்று தடுத்தார்கள். தடுக்க வேண்டியிருந்தது என்றால் எங்கேயோ கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

மார்மன் சடங்கில் கட்டாயம் கிடையாது. மறுவுலகில் அந்த ஆத்துமா அதை ஏற்கலாம், மறுக்கலாம். எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

இறந்தவருக்கு வாசல் திறந்தாகிவிட்டது. உள்ளே யாரோடு இருப்பது? இங்கே பிளவு இன்னும் ஆழமாகிறது. உயிர்த்தெழுதலில் பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று இயேசு சதுசேயருக்குச் சொன்னதை வைத்து, திருமணம் சாவோடு முடிகிறது என்றே சபைகள் போதித்தன. மரணம் பிரிக்கும் வரை என்றுதான் இன்றும் நம் கோயில்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். 1843-இல் ஜோசப் அதை மாற்றினார். ஆலயத்தில் உரிய அதிகாரம் பெற்றவர் முத்திரையிடும் திருமணம் என்றைக்கும் நிற்கும். பிள்ளைகளும் அப்படியே பெற்றோரோடு பிணைக்கப்படுவார்கள். சாவை வென்று எழுவது எல்லோருக்கும் கிடைக்கும் இலவசம். நித்திய ஜீவன் அதற்கும் மேலே, இறைவன் வாழும் வாழ்வை அவரோடு குடும்பமாக வாழ்வது. பலதார மணமும் அதே ஆண்டின் வெளிப்பாட்டில்தான் எழுதப்பட்டது. குடும்பம் பிரியாது என்ற ஆறுதலோடு சேர்ந்தே வந்த அந்த வழக்கம் எத்தனையோ பெண்களுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. 1890-இல் சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது.

1844 மார்ச்சில் கிங் ஃபாலட் என்பவர் கிணற்றுக்குக் கல் கட்டும்போது மேலிருந்து கல் விழுந்து இறந்தார். ஏப்ரல் 7-ஆம் தேதி அவரை நினைவுகூர்ந்து ஜோசப் ஆயிரக்கணக்கானோர் முன் பேசியது அவருடைய பேச்சுகளிலேயே அதிகம் விவாதிக்கப்பட்டது. இறைவனும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர். மனிதரும் அவரைப் போல் ஆக முடியும். நான்கு பேர் எடுத்த குறிப்புகளிலிருந்துதான் இன்று அந்தப் பேச்சை அறிகிறோம். மற்ற வேறுபாடுகளை எப்படியோ பேசித் தீர்க்கலாம். இதைத் தீர்க்க முடியாது. மனிதன் தெய்வத்தன்மையில் பங்கு பெறுகிறான் என்று கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினரும் சொல்வார்கள், நான்காம் நூற்றாண்டின் அத்தனேசியஸையும் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் படைத்தவரும் படைப்பும் என்றும் வேறு என்பதை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஜோசப் அந்த எல்லையையே அழித்தார். மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் 27-ஆம் தேதி, இல்லினாயின் கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் ஒரு கும்பல் அவரையும் ஹைரமையும் சுட்டுக் கொன்றது.

எஞ்சியவர்களில் பெரும்பாலோர் யூட்டாவுக்குப் போனார்கள். அங்கிருந்து சென்னைக்கும் ஒரு கிளை நீண்டது. ரிச்சர்ட் பாலன்டைன் 1853-இல் மதராஸில் வந்திறங்கி ஓராண்டு ஊழியம் செய்தார், பத்திரிகையும் நடத்தினார். பலதார மணச் செய்தி அவருக்கு முன்பே ஊருக்குள் வந்திருந்தது. சொற்பப் பேரே சேர்ந்தார்கள்.

1877 ஆகஸ்டில் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் வில்ஃபர்ட் உட்ரஃப், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள், கொலம்பஸ், ஜான் வெஸ்லி என்று நூறு பேருக்காக முழுகினார். இறந்த அமெரிக்க அதிபர்களில் இருவரை மட்டும் விட்டுவிட்டார்: மிசூரி கொடுமைக்கு நியாயம் கேட்டபோது கைவிரித்த வான் பியூரன், யூட்டாவுக்குப் படை அனுப்பிய புக்கானன். மறுவுலக விஷயத்திலும் மனிதருக்கு ஞாபகசக்தி அதிகம். பின்னால் அவர்களுக்கும் செய்யப்பட்டது.

அதே உட்ரஃப் சபைத் தலைவராகி, 1894-இல் அவரவர் முன்னோரை முடிந்தவரை தேடிப் பிணையுங்கள் என்றார். அந்த ஆண்டு நவம்பரில் யூட்டா வம்சாவளிச் சங்கம் பிறந்தது. இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், தேதி இல்லாமல் சடங்கு இல்லை. ஆகவே உலகத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தேடிப் போனார்கள். 1938 முதல் மைக்ரோஃபிலிம். சால்ட் லேக் நகருக்கு அருகில் கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் 24 லட்சம் சுருள்கள் சேர்ந்தன. ஹரித்துவாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த யாத்திரீகர் ஏடுகளும் படம்பிடிக்கப்பட்டன. கங்கையில் அஸ்தி கரைக்க வந்தவரின் பெயர் யூட்டாவுக்குப் போனது அப்படித்தான்.

எல்லாப் பெயர்களும் சும்மா இருக்கவில்லை. ஹிட்லரின் முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களுக்கும் உறுப்பினர்கள் ஞானஸ்நானம் செய்தது 1990-களில் வெளிவந்தது. யூதராக இருந்ததற்காகவே கொல்லப்பட்டவரை, கேட்பாரில்லாத நிலையில், இன்னொரு சமயத்தின் தண்ணீரில் முழுக்குவதை எந்த நல்லெண்ணமும் நியாயப்படுத்தாது. 1995-இல் உடன்பாடு கையெழுத்தானது, லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. ஆனாலும் 2012-இல் ஆன் ஃபிராங்க் பெயர் மறுபடி வந்தது. 2008-இல் வத்திக்கான், பங்குகளின் பதிவேடுகளை இவர்களிடம் தரவேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது.

அதற்கும் முன்பே, 2001-இல், வத்திக்கான் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. தந்தை, மகன், தூய ஆவி என்ற அதே பெயர்களைச் சொன்னாலும், அந்தப் பெயர்களால் மார்மன்கள் குறிப்பது வேறு என்பதால் அவர்கள் தரும் ஞானஸ்நானம் செல்லாது. மார்மன் சபையும் வேறெந்தச் சபையின் ஞானஸ்நானத்தையும் ஏற்பதில்லை. இன்று ஒரு மார்மன் கத்தோலிக்கராக மாறினாலும், கத்தோலிக்கர் மார்மனாக மாறினாலும், புதிதாக ஞானஸ்நானம் பெற்றே ஆகவேண்டும்.